ரிட்டயர் ஆன லெகோ பெட்டி தானாகக் காசாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "தங்கத்தைவிட லெகோ மேல்" என்ற செய்தி சில ஆண்டுகளாகவே நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. பள்ளி விடுமுறையும் ஆண்டிறுதித் தள்ளுபடியும் நெருங்கும்போதெல்லாம் மறுபடி தலைகாட்டுகிறது. லெகோ செட் என்பது பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்து உருவம் கட்டும் பொம்மைப் பெட்டி. உற்பத்தி நிறுத்தப்படும், அதாவது ரிட்டயர் ஆகும், செட்டுகளை வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்தால் நாலைந்து ஆண்டில் இரட்டை விலைக்கு விற்கலாம் என்பதே அதன் சாரம். பிள்ளைகளின் படிப்புக்கென்று சேர்த்த பணத்தை இதில் போடலாமா என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். இதில் லாபம் பார்ப்பவர்கள் உண்டு. அந்த லாபம் எந்த இடத்தில் உண்டாகிறது, எந்த இடத்தில் கசிந்து போகிறது என்பதைத்தான் அந்தச் செய்தி சொல்வதில்லை.

செய்திக்கு மூலம் ஓர் ஆய்வு. மாஸ்கோவின் உயர் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான 2,322 செட்டுகளின் மறுவிற்பனை விலையை எடுத்துக்கொண்டு, சராசரியாக ஆண்டுக்கு 11 விழுக்காடு ஏற்றம் என்று கண்டார்கள். சராசரி என்ற சொல்லை நம்மவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். அந்த 2,322க்குள் நட்டம் தந்தவையும் இருந்தன, பல மடங்கு ஏறியவையும் இருந்தன. ரிட்டயர் ஆகி இரண்டு மூன்று ஆண்டு போன பிறகுதான் விலை நகரத் தொடங்குகிறது என்றும் அவர்களே சொன்னார்கள். தவிர, அது விலையோடு விலையை ஒப்பிட்ட கணக்கு. பெட்டியை வைத்திருக்கும் செலவு, நசுங்கியது, நனைந்தது, அனுப்பும் கூலி எல்லாவற்றையும் நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும்.

நம் சிங்கப்பூர் வெள்ளியிலேயே கழித்துப் பார்ப்போம். கடையில் 250 வெள்ளி விலை போட்ட ஒரு செட், நான்கு ஆண்டு கழித்து 320 வெள்ளிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க வருபவர் பத்து வெள்ளியாவது குறைத்துக் கேட்பார். அட்டைப்பெட்டி, குமிழ் உறை, கூரியர் எல்லாம் சேர்ந்து 15. நான்கு ஆண்டு ஈரம் படாமல் காத்த செலவில் ஒரு பெட்டியின் பங்கு 20. இந்த 20 எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். கையில் நிற்பது 275. செட்டை முழு விலைக்கு வாங்கியிருந்தால் இது ஆண்டுக்கு 2.4 விழுக்காடு. ஓய்வுக்காலத்துக்காகச் சேரும் மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கே 2.5 விழுக்காடு தருகிறது. அதே செட்டை 20 விழுக்காடு தள்ளுபடியில் 200 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8.3 விழுக்காடு. விற்ற விலையும் ஒன்று, காத்த காலமும் ஒன்று. வாங்கிய அன்றே லாபம் முடிவாகிவிட்டது.

இதுவும் எல்லாம் நல்லபடி நடந்தால்தான். இருபது பெட்டிகளை 200 வெள்ளி வீதம் 4,000 வெள்ளிக்கு வாங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு பெட்டிகள் செலவு போக 275 தருகின்றன. இரண்டு நசுங்கியோ நனைந்தோ 120க்குப் போகின்றன. இரண்டு செட்டுகளை நிறுவனம் புதிதாக மறுபடி வெளியிட்டுவிட, 160தான் தேறுகிறது. மொத்தம் 4,960 வெள்ளி. ஆண்டுக்கு 5.5 விழுக்காடு. அந்த 4,000 வெள்ளி சேம நிதியில் 4 விழுக்காடு பெறும் கணக்கில் இருந்திருந்தால் நான்கு ஆண்டில் ஏறத்தாழ 4,680 ஆகியிருக்கும். சேம நிதியில் போட்டதை நினைத்தபோது எடுக்க முடியாதுதான். ஆனால் பெட்டியையும் நினைத்த அன்று விற்க முடியாது. சிராங்கூன் சாலை நகைக்கடைக்குத் தங்கத்தை எடுத்துப் போனால் அன்றைக்கே காசு. 300 வெள்ளி லெகோ பெட்டிக்கு ஆள் வர இரண்டு மாதமும் ஆகும். சேம நிதிக்கும் லெகோவுக்கும் உள்ள வித்தியாசம் 280 வெள்ளி. அதை இருபதால் வகுத்தால் ஒரு பெட்டிக்கு 14 வெள்ளி. நான்கு ஆண்டு ஓர் அறையின் மூலையைக் கொடுத்ததற்கும் உழைத்ததற்கும் கூலி அதுதான்.

மறுவெளியீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தாஜ்மகால் செட்டைக் கேள்விப்படாத சேகரிப்பாளர் இல்லை. 2008ல் 10189 என்ற எண்ணோடு, 5,922 துண்டுகளோடு, 299.99 அமெரிக்க டாலருக்கு வந்தது. நிறுத்தப்பட்ட பிறகு பிரிக்காத பெட்டியின் விலை பல மடங்கு ஏறியது. 2017 நவம்பரில் அதே தாஜ்மகாலை 10256 என்ற புது எண்ணில், ஒரே ஒரு துண்டு கூடுதலாக, 369.99 டாலருக்கு நிறுவனமே மறுபடி விற்றது. பழைய பெட்டியின் விலை சரிந்தது. 2009ல் கடை விலைக்கு வாங்கியவருக்கு அப்போதும் லாபம்தான். உச்சத்தில் இன்னொரு சேகரிப்பாளரிடம் வாங்கியவர்தான் அடிபட்டார். அதே ஆண்டு ஸ்டார் வார்ஸ் படத்தின் விண்கலமான மில்லேனியம் ஃபால்கனுக்கும் இதுதான் நடந்தது. 2007ல் வந்த 10179ஐ விட்டுவிட்டு, 7,541 துண்டுகள் கொண்ட பெரிய 75192ஐ 799.99 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். சேகரிப்பாளர்கள் உயர்த்திய விலையை நிறுவனமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு பழைய செட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது என்றால், அதை மறுபடி செய்ய நிறுவனத்துக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. உலகப் புகழ்பெற்ற கட்டடங்களுக்கும் வாகனங்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். திரைப்படம் போன்றவற்றின் உரிமம் முடிந்துபோன சிறிய செட்டுகளுக்குக் குறைவு.

எப்போது நிறுத்துவார்கள் என்பதையும் ஊகத்தில்தான் சொல்ல முடியும். சாதாரண செட்டுகள் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு கடையில் இருக்கும். பெரியவர்களுக்கான பெரிய செட்டுகள் மூன்று, நான்கு ஆண்டு கூட இருக்கும். பெரும்பாலும் டிசம்பரோடும், சில நடு ஆண்டிலும் நின்றுபோகும். ஆனால் 2017ல் வந்த அசெம்பிளி ஸ்கொயர் என்ற கட்டட செட் ஐந்து ஆண்டுக்கும் மேலாகக் கடைத்தட்டில் இருந்தது. அதே ஆண்டு வந்த அந்த 75192 ஃபால்கன் ஏழு ஆண்டைத் தாண்டியும் விற்பனையில் இருந்தது. "இந்த டிசம்பரில் நிற்கப் போகிறது" என்று இணையத்தில் உலவும் பட்டியலை நம்பிக் கடன் அட்டையில் பத்துப் பெட்டி வாங்கியவர், நிறுவனம் காலத்தை இன்னொரு ஆண்டு நீட்டினால் வட்டி கட்டியே ஓய்ந்துபோவார். நின்ற பிறகும் முதல் ஆண்டில் விலை ஏறாது. எல்லாரும் பதுக்கி வைத்திருப்பதால் சில நேரம் இறங்கவும் செய்யும். அவசரக்காரர்கள் விற்று முடித்த பிறகுதான் ஏற்றம்.

எதை வாங்குவது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் வீடுகளுக்குச் சிறிய பெட்டிகள்தான் பொருத்தம். கையடக்கமான செட், அதில் வேறெங்கும் வராத ஒரு மினிஃபிகர் என்னும் குட்டி மனித பொம்மை, அல்லது குறிப்பிட்ட தொகைக்கு வாங்கினால் மட்டும் கொடுக்கும் இலவச செட். இவை இடத்தை அடைப்பதில்லை, விற்கும்போது அஞ்சல் செலவும் குறைவு. நம் ஊரைப் பற்றிய செட்டுகளில் 602 துண்டுகள் கொண்ட மரினா பே சேண்ட்ஸ், எண் 21021, உலகெங்கும் பரவலாகக் கிடைக்காதது. 2022ல் வந்த சிங்கப்பூர் ஸ்கைலைன், எண் 21057, 827 துண்டுகள், வெளிநாடுகளிலும் விற்றது. இரண்டிலும் சிங்கப்பூர்தான் இருக்கிறது. ஆனால் சந்தையில் எத்தனை பெட்டி இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும், பெட்டியின் மேல் இருக்கும் படம் இல்லை.

செயலியோ ப்ளூடூத்தோ இல்லாமல் இயங்காத செட்டுகளை நீண்ட காலம் வைக்க நினைக்காதீர்கள். 1998ல் தொடங்கிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ வரிசை 2022 இறுதியோடு நிறுத்தப்பட்டது. செங்கல் போன்ற பிளாஸ்டிக் துண்டு ஐம்பது ஆண்டு தாங்கும். கைப்பேசிச் செயலி அப்படித் தாங்காது. புது கைப்பேசியில் செயலி ஏறாத நாளில் பெட்டிக்குள் இருப்பது மோட்டாரும் கம்பியும்தான்.

வாங்கும் இடம். தள்ளுபடி 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் கைவைக்க வேண்டாம் என்பதற்கு மேலே உள்ள கணக்கே போதும். 11.11, 12.12 இணைய விற்பனைகளிலும், பேரங்காடிகள் பழைய சரக்கை ஒழிக்கும் ஜனவரியிலும் அது கிடைக்கும். மலேசியாவின் ஜோகூரில் மலிவு என்று பாலம் தாண்டிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்து திரும்பினால் 100 வெள்ளி வரை, அதற்கு மேல் இருந்தால் 500 வெள்ளி வரை பொருள் சேவை வரிச் சலுகை உண்டு. அந்தச் சலுகை சொந்தப் பயன்பாட்டுக்கான பொருளுக்கு மட்டும். விற்பதற்காகக் கொண்டுவரும் பெட்டிக்கு முதல் வெள்ளியிலிருந்தே 9 விழுக்காடு வரி உண்டு, சோதனைச் சாவடியில் அறிவிக்கவும் வேண்டும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருளுக்கும் 2023 முதல் 400 வெள்ளிக்குக் கீழே என்ற விலக்கு இல்லை. இந்த 9 விழுக்காட்டைச் சேர்த்துப் பார்த்தால் பல "மலிவு"கள் மலிவாக இருக்காது.

ரிட்டயர் ஆன செட்டைத் தனியாரிடம் வாங்குபவருக்குச் சோதனை அதிகம் வேண்டும். பெட்டியைத் திறந்து, விலை மதிப்புள்ள மினிஃபிகர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி ஒட்டி விற்கும் மோசடி உலகம் முழுக்க இருக்கிறது. முதலில் சீலைப் பாருங்கள். தொழிற்சாலை ஒட்டிய சீலின் விளிம்பு நேராக, காற்றுக் குமிழ் இல்லாமல் இருக்கும். அதற்கடியில் அட்டையின் அச்சு உரிந்திருந்தாலோ, பக்கத்தில் இன்னொரு பசைத் தடம் பளபளத்தாலோ, அது இரண்டாம் சீல். அடுத்தது எடை. பத்துக் கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு போதும். லெகோ வாங்கி விற்கும் பிரிக்லிங்க் இணையத்தளத்தின் பட்டியலில் பெரும்பாலான செட்டுகளுக்கு எடை கொடுத்திருக்கிறார்கள். பெரிய செட்டில் நூறு கிராம் குறைந்தால் ஒரு பையையே காணோம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடை சரியாக இருப்பதால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஏழெட்டு மினிஃபிகர்கள் சேர்ந்து முப்பது கிராம் கூட வராது. அரிசியையோ பாஸ்தாவையோ போட்டு எடையைச் சரிக்கட்டிய பெட்டிகளும் உண்டு. பெட்டியை மெல்லச் சாய்த்துக் கேளுங்கள். லெகோ துண்டுகள் கலகலவென்று விட்டுவிட்டு ஓடும். அரிசி சரசரவென்று ஒரே இழையாக ஓடும். 2021 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குப் பதிலாகக் காகிதப் பைகள் வரத் தொடங்கியிருப்பதால், புது செட்டுகளின் ஒலி கொஞ்சம் மங்கித்தான் கேட்கும். அதை வைத்துப் பயந்துவிட வேண்டாம்.

பெட்டியை நேரில் பார்த்த பிறகே பணத்தைப் பேநவ் கைப்பேசிச் சேவையில் அனுப்புங்கள். "பலர் கேட்கிறார்கள், முன்பணம் போடுங்கள்" என்பவரை விட்டுவிடுங்கள். ஏமாந்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். ஆனால் அதற்கு எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். புனைபெயரில் விற்கும் ஒருவரிடம் 600 வெள்ளிப் பெட்டியை வாங்கும்போது அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி வைத்திருக்கும் விஷயம். சிங்கப்பூரில் இந்தத் தொழிலின் உயிர்நாடி இதுதான். வெளிநாட்டுக் காணொளிகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வராது, ஏனென்றால் அவர்கள் உலர்ந்த நிலவறையில் வைக்கிறார்கள். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். லெகோ பெட்டி மெல்லிய அட்டை, உள்ளே பாதி காற்று. ஈரம் குடித்த அட்டை தளர்ந்து நடுவில் குழியும். குழிந்தது பிறகு காய்ந்தாலும் நிமிராது. சீலின் பசை ஒவ்வொரு முறை அட்டை உப்பிச் சுருங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால் இரவெல்லாம் குளிரூட்டி ஓடி, பகலெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும் படுக்கையறை, நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் அறையைவிட மோசம். நான்கு ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அந்த அட்டை மூச்சு வாங்கி மூச்சு விட்டிருக்கும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பலரும் பாம் ஷெல்டர் என்னும் காங்கிரீட் பாதுகாப்பு அறையைத்தான் நாடுகிறார்கள். வெயில் படாது, யாரும் இடிக்க மாட்டார்கள், சரிதான். ஆனால் கனத்த கதவை மூடினால் காற்றோட்டம் மிகக் குறைவு. காங்கிரீட் சுவரில் சாய்த்து வைத்த பெட்டியின் பின்பக்கத்தில்தான் முதலில் பூஞ்சை வரும். சாம்பல் பச்சையாக, மாவு தூவியது போல, சுவரில் பட்ட இடத்தில் மட்டும். முன்பக்கம் பளிச்சென்று இருப்பதால் விற்கும் அன்றுதான் தெரியவரும். சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயர்த்தி, இரும்புத் தட்டில் வையுங்கள். பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை உள்ளே மாட்டுங்கள். 45க்கும் 55க்கும் இடையே முள் நின்றால் நல்லது. மிகவும் உலரவிட்டாலும் சீலின் பசை வறண்டு விடும்.

அந்த அளவில் நிறுத்த ஈரப்பத நீக்கி வேண்டும். 250 வாட் கருவி நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 30 யூனிட். யூனிட் ஏறத்தாழ 30 காசு என்றால் மாதம் 9 வெள்ளி, நான்கு ஆண்டில் 432 வெள்ளி. இருபது பெட்டிக்குப் பிரித்தால் பெட்டிக்கு 21 வெள்ளி சொச்சம். மேலே சொன்ன 20 வெள்ளி இதுதான், கருவியின் விலையைச் சேர்க்காமல். ஐந்தே பெட்டி வைத்திருப்பவருக்கு இது கட்டாது. அவர் மூடி இறுகும் பிளாஸ்டிக் தொட்டியில் பெட்டிகளை வைத்து, ஐம்பது லிட்டருக்கு இருநூறு முந்நூறு கிராம் சிலிக்கா ஜெல் போட்டால் போதும். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மறுபடி சூடுகாட்டிக் காயவைப்பது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பேரங்காடியில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா, நம் வீடுகளில் ஹிப்போ என்று சொல்வது, துணி அலமாரிக்குச் சரி. பெட்டிக்கு மேல்தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்து இழுத்துக் கரைந்து, டப்பாவின் கீழ்ப்பாதியில் உப்புக் கரைசலாக நிற்கும். அது சாய்ந்து அட்டையில் கொட்டினால் துடைத்தாலும் விசிறியில் காட்டினாலும் காயாது, ஏனென்றால் அந்த உப்பு காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நனைந்த இடம் பிசுபிசுவென்று அப்படியே நிற்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் தரையில், ஒரு தட்டின் மேல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றுங்கள்.

பூச்சி இன்னொன்று. இராமபாணப் பூச்சிக்கு அட்டையும் பசையும் விருந்து. அது பெரும்பாலும் ஓட்டை போடாது. அச்சின் மேல்தோலை நக்கியது போல ஒழுங்கற்ற திட்டாகச் சுரண்டும். கரப்பான் தன் பங்குக்குப் புள்ளி புள்ளியாகக் கறை வைக்கும். இதற்குப் பயந்து பாச்சை உருண்டை போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டவே வேண்டாம். அந்த வாடை அட்டையில் ஏறினால் போகாது, பிளாஸ்டிக்குக்கும் நல்லதில்லை. ஈரத்தைக் குறைத்தாலே பூச்சி குறையும். வாடை என்றதும் இன்னொன்று. பூசையறைக்குப் பக்கத்திலோ சமையலறைச் சுவரை ஒட்டியோ வைத்த பெட்டி சாம்பிராணிப் புகையையும் தாளிக்கும் வாடையையும் குடித்து வைத்திருக்கும். வீட்டில் இருக்கும் நமக்கு அது தெரியாது. வாங்க வந்தவர் பெட்டியை முகத்துக்கு அருகே கொண்டுபோன உடனே தெரியும்.

அடுக்குவதில் சிறிய பெட்டிகளைப் புத்தகம் போல நிமிர்த்தி வைக்கலாம். மூன்று கிலோவுக்கு மேல் உள்ளதை நிமிர்த்தினால் உள்ளே பைகளெல்லாம் ஒரு பக்கம் சரிந்து அடி உப்பிவிடும். அவற்றைப் படுக்க வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் ஏற்றாமல், கனமானது அடியில் இருக்கும்படி அடுக்குங்கள். கடையிலிருந்து வரும் பழுப்பு நிற வெளிப்பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அதோடு சேர்த்து விற்றால் கூடுதல் விலை உண்டு. மேற்கு வெயில் அடிக்கும் அறை அறவே வேண்டாம். பெட்டியின் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றுவதானால் குளிரூட்டிய உலர்ந்த அறையில் சுற்றுங்கள். மழை நாளில் ஜன்னலோரம் சுற்றினால் அந்த ஈரத்தையும் சேர்த்துச் சுற்றிவிடுவீர்கள்.

எவ்வளவு காத்தாலும் உள்ளே இருக்கும் ஸ்டிக்கர் தாளுக்கு வயது ஏறிக்கொண்டே போகும். பத்து ஆண்டு கடந்தால் பசை வறண்டு ஓரம் சுருண்டிருக்க வாய்ப்பு அதிகம். 2000களின் பிற்பகுதிச் செட்டுகளில் செம்பழுப்பு, அடர் சிவப்புத் துண்டுகள் பிரிக்காத பெட்டியிலேயே நொறுங்கும் தன்மை கொண்டவை என்பதும் தெரிந்ததே. ஆகவே நெடுங்காலம் வைத்தால் நெடிய லாபம் என்ற கணக்கும் ஓரிடத்தில் முறிகிறது. ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள் விற்றுவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

வீட்டில் இடமில்லாதவர்கள் வெளியே கிடங்கு வாடகைக்கு எடுப்பதை நினைக்கவே வேண்டாம். மாதம் 60 வெள்ளி என்றாலும் நான்கு ஆண்டில் 2,880 வெள்ளி. இருபது பெட்டியின் மொத்த லாபத்தை அது விழுங்கி ஏப்பம் விடும். வீட்டு வாசலுக்கு வெளியே பொதுத் தாழ்வாரத்தில் அடுக்குவதும் கூடாது. அவசரத்தில் வெளியேற 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி, அட்டைப்பெட்டி என்றால் தீ பிடிக்கும் சரக்கு. தீ என்றதும் நினைவில் வைக்க வேண்டியது: வீவக தீக் காப்புறுதி வீட்டின் கட்டமைப்பையும் கழகம் பொருத்திக் கொடுத்தவற்றையும்தான் காக்கும், உள்ளே வைத்திருக்கும் பொருளை இல்லை. தனியாக வீட்டுப்பொருள் காப்புறுதி எடுத்தாலும், விற்பனைக்கு வைத்த சரக்கு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரி விஷயத்தில், மூலதன லாபத்துக்கு இங்கே வரி இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விற்பதற்காகவே தொடர்ந்து வாங்கி விற்றால் அது வணிகம், லாபம் வருமானம். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

விற்கும்போது விலையை எப்படி வைப்பது? கேரோசல் இணையச் சந்தையில் பிறர் கேட்கும் விலையைப் பார்த்து வைக்காதீர்கள். 900 வெள்ளி என்று போட்டு ஓராண்டாக விற்காமல் கிடக்கும் விளம்பரமும் அங்கே கண்ணில் படும். பிரிக்லிங்கில் கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் விற்ற விலையும் எண்ணிக்கையும் இருக்கும். ஆறு மாதத்தில் இரண்டே விற்றிருந்தால் அந்தச் சராசரியை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய விலை என்பதால், உள்ளூரில் கைக்குக் கை கொடுக்கும்போது கொஞ்சம் குறையும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை நல்ல காலம். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் முதலில் அளவுநாடாவை எடுங்கள். விமானக் கூரியர்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்த எடைக்கே கட்டணம் கேட்பார்கள். 60, 40, 20 அளவுள்ள வெளிப்பெட்டி தராசில் நான்கு கிலோ காட்டினாலும் நீங்கள் கட்டுவது 9.6 கிலோவுக்கு.

பெட்டி கெட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த அட்டைக்குள்ளும் துண்டுகள் நன்றாகத்தான் இருக்கும். பிரித்து, மினிஃபிகர்களைத் தனியாகவும் அரிய துண்டுகளைத் தனியாகவும் விற்றால் சில நேரம் முழுப் பெட்டிக்குக் கிடைக்கும் விலைக்கு அருகே வரலாம். வேலை அதிகம். ஆயிரம் துண்டு செட்டை வகை, நிறம் பிரித்து எண்ண ஒரு வாரஇறுதி போய்விடும்.

கடைசியாக, சீல். பல ஆண்டு கழித்து எடுத்துப் பார்க்கும்போது ஒரு சீல் தானாகவே உரிந்திருப்பதைக் காண்பீர்கள். அதைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், மேலே ஒட்டுநாடா போடாதீர்கள். ஒட்டினால் நல்ல பெட்டியும் மோசடிப் பெட்டி போலத் தெரியும், திறமையான ஒரு சேகரிப்பாளர் அதை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். உரிந்தபடியே நான்கு பக்கமும் படமெடுங்கள், எடையைத் தராசில் வைத்து எண் தெரியும்படி ஒரு படம், உள்ளே பைகள் மூடியபடி இருப்பது தெரிய மடிப்பைச் சற்றே விலக்கி ஒரு படம். விளம்பரத்தின் முதல் வரியிலேயே "இடது சீல் தானாக உரிந்தது" என்று எழுதி, பத்து விழுக்காடு குறைத்துப் போடுங்கள். அப்படி எழுதிய பெட்டிதான் முதலில் விலைபோகும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்